சீமான் வீட்டுக்குப் பின்வாசல்ல போ, கண்ணு

நியூபோர்ட்டுக்குப் போறீங்களாமா? அம்மிணி போன்ல சொல்லுச்சு. 'தி கில்டட் ஏஜ்'னு ஏதோ சீரியலாம், நூத்தி நாப்பது வருசத்துக்கு முந்தின அமெரிக்கப் பெரும்பணக்காரங்க கதையாம், அதுல வர்ற மாளிகையில பாதி நெசமாவே கடலோரத்துல நிக்குதாம், பார்த்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. கூட்டிட்டுப் போ கண்ணு. நெக்லஸ் வாங்கித் தர்றதை விட டிக்கெட் வாங்கித் தர்றது மலிவு.

போன கோடையில உங்க பெரியம்மா வீட்டுல வந்து இருந்தப்ப என்னையும் அங்க கூட்டிட்டுப் போனாங்க. அதனால யோசனை சொல்ற தகுதி இந்த அப்புச்சிக்கு இருக்குது. தகுதி இல்லாத விசயத்துலயே யோசனை சொல்றவன் நானு, இதுல சும்மா இருப்பனா?

முதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். பார்க்கறவன் வாயைப் பொளக்கணும்னே கட்டுன வீடுக அதுக. ஆனா கட்டுனவன் நெனச்சது உன்ற வாயை இல்ல, பக்கத்து வீட்டுச் சீமானோட வாயை. ரெண்டு பேரும் செத்து எத்தனையோ வருசம் ஆச்சு. நீ எதுக்குக் காசும் குடுத்து வாயையும் பொளக்கோணும்?

ரோட் ஐலண்ட்னு துளியூண்டு மாநிலம். அதுல ஒரு தீவு, தீவோட தெக்கு மூலையில நியூபோர்ட். ரயிலு, நிலக்கரி, வெள்ளிச் சுரங்கம், சீன யாவாரம்னு சம்பாரிச்ச நியூயார்க்கு ஆளுக வெயிலுக்குப் பயந்து அங்க ஓடி வருவாங்க. எத்தனை நாள் இருப்பாங்கன்னு நெனைக்கிறே? ஆறு வாரம், மிஞ்சிப்போனா எட்டு. மீதி வருசம் பூரா வீடு பூட்டித்தான் கெடக்கும். அந்த ஆறு வாரத்துக்குக் கட்டுன எழுபது ரூம் வீட்டை அவங்க 'காட்டேஜ்'னு சொல்லிக்கிட்டாங்க. என்ன ஒரு தன்னடக்கம், பாரு.

அந்த எழுபது ரூம் வீடுதான் 'தி பிரேக்கர்ஸ்'. எல்லாரும் முதல்ல அங்கதான் போவாங்க, நீயும் போ. கட்டுனவரு ரெண்டாம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட். இவரோட தாத்தன் பேரும் கார்னீலியஸ்தான். பதினாறு வயசுல அம்மாகிட்ட நூறு டாலர் வாங்கிப் படகு ஓட்டி, அப்பறம் கப்பல் ஓட்டி, அப்பறம் ரயில் ஓட்டி, 1877ல கண்ணை மூடறப்ப பத்துக் கோடி டாலர் வெச்சுட்டுப் போன மனுசன். மகன் எட்டே வருசத்துல அதை ரெட்டிப்பாக்குனாரு. பேரனுங்க வீடு கட்டுனாங்க. நம்ம பக்கமும் அந்த வரிசைதான?

பேரன் 1885ல அந்த எடத்துல இருந்த ஒரு மர வீட்டை வெலைக்கு வாங்குனாரு. 1892 நவம்பர்ல அது எரிஞ்சு சாம்பலாச்சு. மறுபடி கட்டறப்ப ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட்ங்கற பெரிய கட்டடக்கலைஞரைக் கூப்பிட்டு, கட்டுமானத்துல மரமே வரக்கூடாதுன்னு கண்டிசன் போட்டாரு. கல்லு, செங்கல், இரும்புதான். பாய்லர் வீட்டுக்கடியில இருந்தா ஆபத்துன்னு, அதைத் தள்ளிக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள வெச்சு, சுரங்கம் வழியாச் சூட்டைக் கொண்டாந்தாங்க. 1895ல வீடு முடிஞ்சுது. எழுபது லட்சம் டாலர் ஆச்சுங்கறாங்க. 1896ல மனுசனுக்குப் பக்கவாதம். 1899ல அம்பத்தஞ்சு வயசுல போய்ச் சேர்ந்துட்டாரு. நெருப்பு வர்ற வழியெல்லாம் அடைச்சவரு, கை காலு நல்லா இருக்கறப்ப அந்த வீட்டை அனுபவிச்சது ஒரே ஒரு கோடை.

உள்ள போனதும் நடு ஹாலு. அம்பதடி உசரம். நம்ம பெரிய வீட்டுத் தொட்டிக்கட்டு கணக்குத்தான், சுத்தி ரூமு, நடுவுல முத்தம். இத்தாலிக்காரன் அதை வானம் தெரியத் தொறந்து விடுவான். அமெரிக்காவுல குளுரு, மழை. அதனால மேல மூடிப்போட்டு, மூடுன எடத்துல மேகம் ஓடற வானத்தைப் படமா எழுதி வெச்சிருக்காங்க. வெளியில கடலுக்கு மேல நெச வானம் சும்மா கெடக்குது. உள்ள எழுதுன வானத்தைப் பார்க்க நாம டிக்கெட் எடுத்துட்டு நிக்கறோம்.

குளிக்கற ரூமைத் தவற விட்டுறாதே. தொட்டிக்கு நாலு தண்ணி: நல்ல தண்ணியில சூடு ஒண்ணு, பச்சை ஒண்ணு, கடல் தண்ணியில சூடு ஒண்ணு, பச்சை ஒண்ணு. எசமான் தொட்டி ஒரே பளிங்குக்கல்லுல கொடைஞ்சது. கல்லு நெம்பத் தடிமன், அது சூட்டைக் குடிச்சுட்டே இருக்கும். அதனால சுடுதண்ணி ஊத்தி ரொப்பி, கொட்டி, மறுபடி ரொப்பி, கொட்டி, கல்லு சூடான பிற்பாடுதான் அவரு கால் வெப்பாரு. உன்ற புது வீட்டுப் பிளான்லயும் ஒரு பாத் டப் பார்த்த ஞாபகம். அதைப் பத்தி அப்பறம் பேசலாம்.

இன்னொரு ரூமுல சுவத்துல வெள்ளை வெள்ளையா மினுங்கும். ரொம்ப வருசம் எல்லாரும் அதை வெள்ளின்னே நெனச்சாங்க. சமீபத்துலதான் சோதனை பண்ணிப் பார்த்தா, பிளாட்டினம்! வெள்ளி கருத்துப்போகும், பிளாட்டினம் கருக்காது. பெருமைக்குன்னு இத்தனை செலவு பண்ணி, அந்தப் பெருமை நூறு வருசத்துக்கு மேல ஒருத்தனுக்கும் தெரியாமயே கெடந்துச்சு பாரு. அதுக்கு மேல ஒரு தண்டனை எமதர்மனாலயும் குடுக்க முடியாது.

அடுத்து 'மார்பிள் ஹவுஸ்'. இது தம்பி வில்லியம் வாண்டர்பில்ட் கட்டுனது. சம்சாரம் ஆல்வாவுக்குப் பொறந்தநாள் பரிசு. 1888ல ஆரம்பிச்சு 1892ல முடிஞ்சுது. மொத்தம் 1 கோடியே 10 லட்சம் டாலர், அதுல 70 லட்சம் பளிங்குக்கு மட்டும்; அஞ்சு லட்சம் கன அடி. சாப்பாட்டு ரூமுல நாற்காலி வெண்கலத்துல வார்த்தது. ஒருத்தர் தானா இழுத்து உக்கார முடியாது, பின்னாடி ஒரு ஆள் நிக்கோணும். பாதிச் சாப்பாட்டுல கோவிச்சுட்டு எந்திரிக்கணும்னாலும் அந்த ஆளைத்தான் கூப்பிடோணும்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்னு நம்மள்ல சொல்லுவாங்களே, ஆல்வா ரெண்டும் பண்ணிப் பார்த்துச்சு. பார்த்ததோட நிக்காம ரெண்டையும் கலைச்சும் பார்த்துச்சு. 1895ல புருசனை விவாகரத்துப் பண்ணிப்போட்டு, அடுத்த வருசமே பெல்மான்ட்ங்கற இன்னொரு பணக்காரரைக் கட்டிட்டு, அதே வீதியில 'பெல்கோர்ட்'ங்கற அவரு வீட்டுக்குக் குடி போயிருச்சு. அந்த வீட்டுக் கீழ்த்தளம் பூரா குதிரைக்கும் வண்டிக்கும். மார்பிள் ஹவுஸை என்ன பண்ணுச்சு? துணி தொவைக்க வெச்சுக்கிச்சுன்னு சொல்றாங்க. அங்க தொவைக்கிற வசதி நல்லா இருந்துச்சாம். 1 கோடியே 10 லட்சம் டாலர்ல ஒரு சலவைக்கூடம்.

மக கான்சுவேலோவோட கல்யாணம் அதே 1895ல. மாப்பிள்ளை இங்கிலாந்துல மார்ல்பரோ சீமை டியூக்கு. பொண்ணு மனசுல வேற ஆள் இருந்துச்சு, அம்மாக்காரி விடல. சீரு 25 லட்சம் டாலர் பெறுமான ரயில்வே பங்கு. வரதட்சணைங்கறது என்னமோ நம்ம கண்டுபுடிப்புன்னு நாம வெட்கப்பட்டுட்டு இருக்கோம்! அந்தக் கல்யாணமும் நெலைக்கல. 1926ல அதைச் செல்லாதுன்னு சர்ச்சுல தீர்ப்பு வாங்கறப்ப, நான்தான் அவளைக் கட்டாயப்படுத்துனேன்னு ஆல்வாவே சாட்சி சொல்லுச்சு.

அந்தம்மாளை முழுசா நக்கல் பண்ணவும் மனசு வரல, கண்ணு. பெல்மான்ட் 1908ல செத்த பிற்பாடு அதே மார்பிள் ஹவுஸைத் தொறந்து, பொம்பளைகளுக்கு ஓட்டுரிமை வேணும்னு 1909லயும் 1914லயும் கூட்டம் போட்டுச்சு. 'வோட்ஸ் ஃபார் விமன்'னு எழுதுன பீங்கான் தட்டு செஞ்சு வெச்சுச்சு. காசுக்காரி பண்ணுனான்னாலும் நல்ல காரியம் நல்ல காரியந்தான். அதே சூட்டுல கடலோரமா ஒரு சீனத்து டீக்கடை மாதிரி மண்டபமும் கட்டுச்சு. கட்டி முடிச்சு டீ கேட்டாத்தான் தெரியுது, உள்ள அடுப்படியே இல்ல. அப்பறம் வீட்டுல இருந்து டீ கொண்டாறதுக்குன்னு குட்டியா ஒரு தண்டவாளம் போட்டாங்களாம். இஞ்சினியர் பிளான் போட்டா வீட்டுக்காரி அடுப்படியை எண்ணிப் பார்க்கோணும்கறது இதுக்குத்தான். அம்மிணிகிட்டச் சொல்லு.

இனி நெசமான சங்கதிக்கு வாரேன். மத்ததுக்கெல்லாம் நேரம் இல்லாட்டிப் போகுது, 'தி எல்ம்ஸ்'ல வேலைக்காரங்க வாழ்ந்த பக்கத்தைக் காட்டறதுக்குன்னு தனி டிக்கெட் ஒண்ணு இருக்குது, அதை முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கோ. முன்வாசல்ல விட மாட்டாங்க. பக்கவாட்டுல, கொடி படர விட்டு மறைச்ச வாசல் வழியாக் கூட்டிட்டுப் போவாங்க. படி நெறைய ஏறோணும். ஜிம்முக்குக் கட்டற காசுக்கு அன்னைக்குப் பலன் தெரியும்.

எல்ம்ஸைக் கட்டுனவரு எட்வர்டு பெர்வின்ட். நிலக்கரி முதலாளி. 1901ல முடிச்சாரு, 14 லட்சம் டாலர் செலவு. பாரிசுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு பழைய அரமனையைப் பார்த்துக் கட்டுனது. நியூபோர்ட்டுல மொத முதல்ல கரண்டு கம்பி இழுத்த வீடுகள்ல எல்ம்ஸ் ஒண்ணு. வீட்டுக்குச் சூடு வேணும்னா கரி எரிக்கோணும், இல்லையா? அந்தக் கரி ஒரு துண்டு கூட வந்தவங்க கண்ணுல பட்டுறக்கூடாதுன்னு, பக்கத்து வீதியில இருந்து மண்ணுக்கடியில சுரங்கம் தோண்டி, தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டியில கொண்டாந்து கொட்டுனாங்க. வித்தது கரி, தின்னது கரி, வீட்டுல கரியைப் பார்த்தா அவமானம்!

ஆளுங்களும் அப்படித்தான். வெளியில நின்னு அண்ணாந்து பாரு, வீடு ரெண்டு மாடியாட்டத் தெரியும். மூணாவது மாடி கைப்பிடிச் சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சுட்டு இருக்குது. அதுலதான் வேலைக்காரங்க படுத்தது. தோட்டத்துல நிக்கற விருந்தாளிக்கு அவங்க மொகம் தெரியாது. சமையலு, சலவை, பாய்லரு எல்லாம் தரைக்குக் கீழ. மேல எல்லாம் தானா நடக்கற மாதிரி இருக்கோணும். ஒருதடவை வேலைக்காரங்க சித்தெ ஓய்வு நேரம் வேணும்னு கேட்டுச் சோலியை நிறுத்திட்டாங்க. பெர்வின்ட் அத்தனை பேரையும் வெளிய அனுப்பிப்போட்டு வேற ஆள் வெச்சாரு. விருந்து நிக்கல.

அந்தப் பாய்லருக்கு முன்னால நிக்கறப்ப இன்னொரு ஊரையும் நெனச்சுக்கோ. பென்சில்வேனியாவுல 'விண்ட்பர்'. பெர்வின்ட்ங்கற பேரை முன்னுக்குப் பின் திருப்பிப் போட்டு வெச்ச ஊரு. அவங்க கம்பெனி ஊரு. அங்க 1922ல சுரங்கத் தொழிலாளிக வேலைநிறுத்தம் பண்ணுனப்ப, கம்பெனி வீட்டுல இருந்து குடும்பம் குடும்பமா வெளிய தள்ளுனாங்க, சனங்க கூடாரத்துல கெடந்தாங்க. நியூயார்க்கு நகரத்து ரயிலுக்கு அந்தக் கரிதான் போயிட்டு இருந்துச்சு. அதனால அந்த நகர நிர்வாகம் ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னுச்சு. பார்த்துட்டு வந்தவங்க, உள்நாட்டுப் போருக்கு முன்னால அடிமைங்க இருந்த நெலமையை விட இது மோசம்னு எழுதிக் குடுத்தாங்க. எல்ம்ஸ் தோட்டத்துப் பளிங்குச் சிலைகளுக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கறப்ப இதையெல்லாம் அம்மிணிகிட்டச் சொல்லாதே. சிரிப்பு நல்லா வராது.

மத்ததை வேகமாச் சொல்லிப்போடறேன். 'ரோஸ்கிளிஃப்' வெள்ளிச் சுரங்கத்துக் காசு, டெஸ்ஸி ஓல்ரிக்ஸ்ங்கற அம்மா கட்டுனது. 1904ல எல்லாமே வெள்ளையில ஒரு நடன விருந்து வெச்சு, கடல்ல நிக்கற கப்பல் போதலைன்னு பொய்க்கப்பல் செஞ்சு நிறுத்துனாங்க. 'ரஃப் பாயின்ட்' டோரிஸ் டியூக்கோடது, புகையிலைக் காசு. அந்தம்மா ரெண்டு ஒட்டகம் வளர்த்துச்சு. 1991ல புயல் வந்தப்ப அதுகளை வீட்டுக்குள்ள கண்ணாடி ரூமுல கட்டி வெச்சாங்கன்னு சொல்றாங்க. பைத்தியம்னு நெனைச்சுராதே. அந்தம்மா 1968ல ஒரு அறக்கட்டளை வெச்சு, ஊருக்குள்ள இடிஞ்சு கெடந்த எளிய சனங்களோட பழைய மர வீடுகளை எம்பதுக்கு மேல வாங்கிச் சீர் பண்ணுச்சு. எனக்குப் புடிச்ச காசுக்காரி அவதான். 'ஓக்கர் கோர்ட்' 1947ல கன்னியாஸ்திரீங்க கைக்குப் போயி, இப்ப காலேஜு. அங்க படிக்கற புள்ளைக பரீட்சைக்குப் பயந்துட்டு நிக்கறது அரமனைப் படிக்கட்டுல.

மத்தியானச் சோத்துக்கு ஓட்டலுக்குப் போயிறாதே, கட்டுச்சோறு கொண்டுபோ. கடலோரமா மூணரை மைலுக்கு ஒரு தடம் ஓடுது, 'கிளிஃப் வாக்'. ஒரு பக்கம் கீழ அலை, இன்னொரு பக்கம் இந்தச் சீமான்க வீட்டுப் புல்தரை. டிக்கெட் கிடையாது, எப்பவும் கிடையாது. எப்படின்னு கேளு. 1663ல இங்கிலாந்து ராசா ரெண்டாம் சார்லஸ் குடுத்த பட்டயத்துலயே அந்தக் கரையில மீன் புடிக்கற உரிமை சனங்களுக்கு இருக்குது. மாநிலத்து அரசியல் சட்டத்துலயும் கரையோர உரிமை எழுதியிருக்குது. வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா? சுவரு வெச்சுப் பார்த்தாங்க, தடத்தைப் பள்ளத்துல எறக்கி மொகம் தெரியாமப் பண்ணிப் பார்த்தாங்க. ஒண்ணும் நடக்கல. தடத்து வழக்கு ஜெயிக்கறது எம்புட்டுச் சிரமம்னு நம்ம தோட்டத்து வடக்கால போயி நின்னா உனக்கே தெரியும். ஆல்வாவோட சீன மண்டபம் இருக்குதே, அதுக்கு அடியிலயே பொதுத்தடம் சுரங்கமாப் போகுது. மேல கோடீஸ்வரி டீ குடிச்சிருக்கா, கீழ மீன்காரன் தூண்டிலைத் தோளுல போட்டுட்டு நடந்திருக்கான்.

தடத்துல 'நாப்பது படி'ன்னு ஒரு எடம். கடலுக்கு எறங்கற கல்படி. சோலி முடிஞ்ச வேலைக்காரங்க ராத்திரி கூடி ஆடிப்பாடுன எடம் அது. அங்க உக்காந்து சோத்தை அவுத்துச் சாப்பிடுங்க. 2022 மார்ச்சுல அதுக்குப் பக்கத்துல ஒரு துண்டுத் தடம் சரிஞ்சு கடல்ல விழுந்துச்சு, பலகையில சுத்துவழி எழுதியிருந்தா அதுலயே போங்க. கடலுக்கு ராசா பட்டயமும் தெரியாது, பளிங்கும் தெரியாது.

இப்ப கணக்குக்கு வரலாம். நான் பார்த்த வகையில அங்க பார்க்கறதுக்கு இருக்கற பெரிய அதிசயமே வித்த வெலைதான். 1 கோடியே 10 லட்சம் போட்ட மார்பிள் ஹவுஸை ஆல்வா 1932ல ஒரு லட்சம் டாலர் சொச்சத்துக்குக் குடுத்துச்சு. 14 லட்சம் போட்ட எல்ம்ஸ், இடிக்கறதா இருந்த நாளுக்குச் சில வாரம் முன்னால, 1962ல, 1 லட்சத்து 16 ஆயிரத்துக்குப் போச்சு. பிரேக்கர்ஸை வாண்டர்பில்ட் மக 1948ல வருசத்துக்கு ஒரு டாலர் வாடகைக்கு ஊர்ப் பாதுகாப்புச் சங்கத்துக்கு விட்டுச்சு. 1972ல சங்கம் 3 லட்சத்து 65 ஆயிரத்துக்கு வெலைக்கே வாங்கிருச்சு. இடையில வருமான வரி வந்துச்சு, போர் வந்துச்சு, வேலைக்காரங்க ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க, அம்பது ஆள் இல்லாம அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்க முடியல. கட்டுனவங்க வாரிசுக்குப் பாரம். இன்னைக்கு டிக்கெட் வாங்குற உன்ற காசுலதான் கூரை ஒழுகாம நிக்குது.

சரி, இதையெல்லாம் உனக்கு எதுக்குச் சொல்றேன்? மேக்காலத் தோட்டத்துல கட்டறதுக்கு நீ வாட்ஸ்அப்புல அனுப்புன பிளானை உன்ற மாமன் பெருசு பண்ணிக் காட்டுனான். அஞ்சு பெட்ரூமு, அஞ்சுக்கும் தனித்தனி பாத்ரூமு, ஹோம் தியேட்டரு, முன்னால ரெண்டு ஆள் உசரத்துக்குத் தூணு, குளிக்கற எடத்துல தொட்டி. நீ ஊருக்கு வர்றது தை மாசம் பதினஞ்சு நாளு. அதுலயும் ஏழு நாளு அம்மிணி ஊருக்குப் போயிருவீங்க. வாண்டர்பில்டாவது ஆறு வாரம் இருந்தாரு சாமி. மீதி நாளெல்லாம் கதவைத் தொறந்து, ஒட்டடை அடிச்சு, சாயங்காலம் வெளக்குப் போடற சோலிக்கு ஆளு யாருன்னு பிளான்ல எங்கயும் எழுதலையே? நானா? எனக்கு எந்த மாடியில ரூமு, கைப்பிடிச் சுவத்துக்குப் பின்னாலயா?

கட்ட வேண்டாம்னு நான் சொல்லல. சொன்னா கேக்கற வயசும் உனக்கு இல்ல. நியூபோர்ட்டுக்குப் போங்க, பிரேக்கர்ஸ் தொட்டியைப் பாருங்க, எல்ம்ஸ் படி ஏறி எறங்குங்க, நாப்பது படியில உக்காந்து சோறு தின்னுட்டே ரெண்டு பேரும் அந்தப் பிளானை இன்னொருதடவை எடுத்துப் பாருங்க. ஊரு திரும்புனதும் போன் பண்ணு, பெட்ரூமு எத்தனைங்கறதை அப்பப் பேசிக்கலாம். அது வரைக்கும் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் போடாதே. ஆவணி முடியற வரைக்கும் நாளு நல்லா இல்லைன்னு அவன்கிட்ட நான் ஏற்கெனவே சொல்லி வெச்சாச்சு.